வீடுகளை வரைந்து வீட்டைக் காத்தவர்

செங்கல் சுவர், பாசி படிந்த ஓட்டுக் கூரை, அதற்கு மேல் நெடுநெடுவென்று ஒரு புகைபோக்கி. வாசல் படலருகே வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு பெண், இடுப்பில் குழந்தை, காலடியில் பூனை. வேலியோரமாக ஹாலிஹாக் பூச்செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். வாழ்த்து அட்டையிலோ பிஸ்கட் டப்பா மூடியிலோ ஜிக்சா பெட்டியிலோ இப்படி ஓர் இங்கிலாந்துக் கிராமத்துப் படம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். வரைந்தவர் ஹெலன் அல்லிங்ஹாமாக இருக்கலாம். இல்லாவிட்டால் அவரைப் பார்த்து வரைந்த யாராவது.

"அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிற படங்கள்தான் இவை. நானும் பல நாள் புரட்டியவன்தான். அந்தப் பூச்செடிகளுக்குப் பின்னால் மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணின் சம்பாத்தியம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. விக்டோரியக் காலத்தில் ஒரு பெண் நீர்வண்ண ஓவியராக இருப்பது என்றால் என்ன, அது எப்படி ஒரு தொழிலானது என்பதை இவருடைய வாழ்க்கையை வைத்தே சொல்லிவிடலாம்.

விக்டோரியா மகாராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்து நடுத்தர, பணக்கார வீட்டுப் பெண்களுக்கு நீர்வண்ணம் வரையத் தெரிந்திருப்பது ஒரு 'தகுதி'. பியானோ, பிரெஞ்சு, பூவேலை, அப்புறம் நீர்வண்ணம். நம் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்களே, அந்த மாதிரி. நன்றாக வரைந்தால் பாராட்டலாம்; காசுக்கு விற்றால் முகம் சுளிப்பார்கள். ஆக "நீர்வண்ணம் வரையும் பெண்" என்றவுடன் அந்தக் காலத்தவர் நினைத்தது பொழுதுபோக்கைத்தான். அதே தூரிகையை வைத்து வீட்டு வாடகை கட்டிய பெண்களும் இருந்தார்கள். அவர்கள் முதலில் சண்டை போட வேண்டியிருந்தது இந்த நினைப்போடுதான்.

சரி, நீர்வண்ணம் ஏன் பெண்களுடையதாயிற்று? அந்தச் சாயத்தின் தன்மையிலேயே பாதி விடை இருக்கிறது.

நன்றாக அரைத்த நிறமியை வேல மரப் பிசினில் குழைத்தால் நீர்வண்ணம். தண்ணீரில் கரைத்துக் காகிதத்தில் பூசினால் தண்ணீர் காய்ந்துவிடும், பிசின் நிறமியைக் காகிதத்தோடு ஒட்டிவைக்கும். பூச்சு மிக மெல்லியது, கண்ணாடி மாதிரி. வெளிச்சம் அதற்குள் புகுந்து, அடியில் இருக்கும் வெள்ளைக் காகிதத்தில் பட்டு, நிறத்தோடு திரும்பி வருகிறது. நீர்வண்ணப் படத்தில் ஒரு பளபளப்பு தெரிகிறதே, அது காகிதத்தின் வெளிச்சம். அதனால் வெள்ளை நிறம் வேண்டும் என்றால் வெள்ளையைப் பூசுவதில்லை. அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். எண்ணெய் ஓவியத்தில் தப்பு செய்தால் மேலே இன்னொரு பூச்சு பூசி மறைத்துக்கொள்ளலாம். இதில் முடியாது. வரையத் தொடங்கும்போதே கடைசி வெளிச்சம் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். எளிமையான பொருள்தான், மன்னிக்கவே மன்னிக்காது.

ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ள வசதி. டர்பன்டைன் நாற்றம் இல்லை, சட்டென்று காயும், ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். முன்பெல்லாம் சாயம் கெட்டியான கட்டியாகத்தான் கிடைத்தது. சந்தனம் உரைப்பது போலத் தண்ணீர் விட்டு உரைத்து எடுக்க வேண்டும். 1832இல் லண்டனில் தொடங்கிய வின்சர் அண்டு நியூட்டன் நிறுவனம் கொஞ்ச காலத்திலேயே ஈரத் தூரிகை பட்டாலே கரையும் மென்மையான வில்லைகளைக் கொண்டுவந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்புக்கே போய் உட்காரலாம் என்றானது.

இன்னொரு பாதி விடை, மற்ற கதவுகள் மூடியிருந்தது. 1768இல் லண்டனில் ஓவியர், சிற்பிகளின் அமைப்பான ராயல் அகாடமி தொடங்கியபோது தொடக்க உறுப்பினர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அடுத்த பெண்ணை இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க அகாடமி எடுத்துக்கொண்டது 154 ஆண்டுகள். 1922 வரை யாருமில்லை. விதியில் "பெண்கள் கூடாது" என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.

அந்த எழுதாத விதியில் முதல் ஓட்டை போட்டது ஹெலனின் சித்தி லாரா ஹெர்ஃபோர்ட். அகாடமியின் பள்ளியில் சேர மாதிரி ஓவியங்களை அனுப்ப வேண்டும். 1860இல் லாரா தன் பெயரின் முதலெழுத்துகளையும் குடும்பப் பெயரையும் மட்டும் போட்டு அனுப்பிவைத்தார். படங்கள் தேறின. "ஹெர்ஃபோர்ட் எஸ்குவயர்" என்று ஆணுக்குரிய மரியாதையோடு அனுமதிக் கடிதம் வீடு தேடி வந்தது. வந்து நின்றவர் பெண். திருப்பி அனுப்பலாம் என்றால் விதி இல்லை. லாரா உள்ளே போனார், அவர் பின்னால் மற்ற பெண்களும் போனார்கள்.

ஹெலன் பேட்டர்சன் (கல்யாணத்துக்கு முன் அவர் பெயர் இதுதான்) பிறந்தது 1848 செப்டம்பர் 26, டெர்பிஷயரில் ஸ்வாட்லின்கோட் என்ற ஊரில். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா மருத்துவர். ஹெலன் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் செஷயரில் ஆல்ட்ரிங்கம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. 1862இல் அங்கே தொண்டை அடைப்பான் நோய் பரவியது. நோயாளிகளைப் பார்க்கப் போன அப்பாவையும், மூன்று வயதுத் தங்கை இசபெல்லையும் அந்த நோய் கொண்டுபோயிற்று. ஹெலனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பர்மிங்ஹாமில் உறவினர்கள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். மூத்த பெண்ணின் கையில் ஒரு தொழில் இருந்தாக வேண்டும். அது வரைவது என்று ஆனதற்குத் தாய்வழிப் பாட்டியும் வரைவார் என்பது ஒரு காரணம், சித்தி திறந்துவைத்த கதவு இன்னொரு காரணம்.

பர்மிங்ஹாம் வடிவமைப்புப் பள்ளியில் படித்துவிட்டு 1867இல் லண்டனுக்கு வந்து, அகாடமி பள்ளியில் சேர்ந்தார். உள்ளே போனாலும் பாதி வகுப்புதான். உடையில்லாத மாடலை வைத்து மனித உடலை வரையும் வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை. 1893இல்தான், அதுவும் மாடல் இடுப்பைச் சுற்றித் துணி கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, இடம் கிடைத்தது. இதில் என்ன பெரிய இழப்பு என்று கேட்கலாம். அன்று பெரிய ஓவியம் என்று மதிக்கப்பட்டது போர்க்களம், புராணம், வரலாறு. பத்துப் பதினைந்து உடல்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும் படங்கள். உடலைப் படிக்க விடாதவரை அந்தப் பக்கம் போக முடியாது. மீதி இருப்பது குழந்தை, பூ, தோட்டம், வீட்டு வாசல். "பெண்களுக்கு இயல்பாகவே இதில்தான் ஆர்வம்" என்று பிற்பாடு எழுதிய விமர்சகர்கள் இந்தப் பாடத்திட்டத்தைப் பார்க்கவில்லை போலும்.

ஹெலனின் முதல் வருமானம் நீர்வண்ணத்திலிருந்து வரவில்லை, கருப்பு வெள்ளையிலிருந்து வந்தது. அப்போது புகைப்படத்தைப் பத்திரிகையில் அச்சடிக்க வழி கிடையாது. ஓவியர் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்குபவர் கோடு கோடாக வெட்டியெடுப்பார், அந்தக் கட்டையில் மை தடவி அச்சடிப்பார்கள். இதற்குப் பயன்பட்ட பாக்ஸ்வுட் மரம் குறுக்கில் சிறியது. பெரிய படம் என்றால் பல கட்டைகளைப் பின்புறம் போல்ட் போட்டு இணைத்து, ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொடுத்துச் செதுக்கி, மறுபடி சேர்ப்பார்கள். வில்லியம் லூசன் தாமஸ் 1869 டிசம்பரில் தொடங்கிய 'தி கிராஃபிக்' வாரப் பத்திரிகை இந்த வேலைக்குப் பேர்போனது. பிறகு இதன் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்களில் வின்சென்ட் வான் கோவும் ஒருவர். அந்தப் பத்திரிகையின் ஓவியர் குழுவில் ஒரே பெண்ணாக ஹெலன் 1870இல் சேர்ந்தார். பகலில் பத்திரிகை வேலை. 1872 முதல் இரண்டு வருடம் ஸ்லேட் கலைப்பள்ளியில் மாலை வகுப்பு. குழந்தைகளுக்கான படங்களால் பிற்பாடு பெரும்புகழ் பெற்ற கேட் கிரீனவே அங்கே கூடப் படித்தவர், கடைசிவரை தோழி.

1874இல் 'கார்ன்ஹில்' மாத இதழில் ஒரு தொடர்கதைக்குப் பன்னிரண்டு படங்கள் கேட்டார்கள். கதை 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் க்ரவுட்'. எழுதியவர் பெயர் போடாமல்தான் வந்தது. அப்போது புகழ்பெற்றிருந்த நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட்டாக இருக்குமோ என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். எழுதியவர் தாமஸ் ஹார்டி. கிராமத்து ஆட்கள் போடும் அங்கி, ஆடு மேய்ப்பவரின் வளைகோல் போன்றவற்றின் குறிப்புச் சித்திரங்களைத் தருவதாக அவரே முன்வந்தார். லண்டன் ஓவியர் கிராமத்தைத் தப்பாக வரைந்துவிடுவாரோ என்ற பயம்! படங்கள் வந்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. தன் கதைகளுக்கு வரைந்தவர்களிலேயே ஹெலன்தான் சிறந்தவர் என்று முப்பது வருடம் கழித்தும் சொன்னார்.

அதே 1874 ஆகஸ்டில் ஹெலன், அயர்லாந்துக் கவிஞர் வில்லியம் அல்லிங்ஹாமைத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு ஐம்பது, இவருக்கு இருபத்தைந்து. வில்லியம் அப்போது 'ஃப்ரேசர்ஸ்' இதழின் ஆசிரியர். மாதச் சம்பளம் உண்டு. ஆகவே ஹெலன் 'கிராஃபிக்' வேலையை விட்டுவிட்டு நீர்வண்ணத்துக்கு வந்தார். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டார் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். நடந்தது நேரெதிர். செதுக்குபவரின் கத்தியை நம்பியிருந்த வேலையிலிருந்து, தன் கைப்பட முடிக்கும் வேலைக்கு மாறினார். இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். 1870இல் வந்த சட்டத்துக்கு முன்னால், மணமான பெண்ணின் சம்பாத்தியம் சட்டப்படி கணவனுடையது. ஹெலன் விற்ற படங்களின் காசு சட்டப்படியே அவருடையதாக இருந்தது என்றால், அந்தச் சட்டத்துக்கு அப்போது வெறும் நான்கு வயது.

அகாடமியில் நீர்வண்ணத்துக்கு மரியாதை குறைவு என்பதால், அதை வரைபவர்கள் 1804லேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அதுதான் பின்னாளில் ராயல் நீர்வண்ணச் சங்கமானது. அதில் உறுப்பினராவது வெறும் கௌரவம் இல்லை. அதன் கண்காட்சிச் சுவரில் இடம், அந்தச் சுவரைப் பார்க்க வரும் வாங்குபவர்கள், பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து. இதெல்லாம் சேர்ந்துதான் விலை. 1875இல் ஹெலன் இணை உறுப்பினரானார். கடையில் பொம்மைச் சாமான் வாங்க வந்த இரண்டு சிறுமிகளை வரைந்த அவருடைய படம் அந்த ஆண்டு, அக்காலத்தின் பெரிய கலை விமர்சகர் ஜான் ரஸ்கினின் பாராட்டைப் பெற்றது. முழு உறுப்பினராக ஒரு பெண்ணை ஏற்க அந்தச் சங்கத்துக்கும் மனசு வந்தது 1890இல்தான். அப்படி ஏற்கப்பட்ட முதல் பெண் ஹெலன். பதினைந்து வருடம் ஒரே சுவரில் படம் மாட்டிய பிறகு.

ரஸ்கினை இங்கே விட்டுவிட முடியாது. 1883இல் ஆக்ஸ்ஃபோர்டில் இங்கிலாந்துக் கலை பற்றிப் பேசியவர், ஹெலனையும் கேட் கிரீனவேயையும் ஒன்றாகச் சேர்த்து ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு, தேவதைகளின் நாடு. பாராட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கொட்டுகிற வெயிலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஓடு ஓடாக எண்ணி வரைந்தவரைத் தேவதைக் கதையில் சேர்த்தது எனக்கு உறுத்துகிறது.

1881இல் குடும்பம் லண்டனின் செல்சியிலிருந்து சர்ரே மாவட்டத்தில் விட்லி அருகே சாண்ட்ஹில்ஸ் என்ற இடத்துக்கு மாறியது. அந்த வட்டாரத்து வீடுகளில் ஒரு விசேஷம்: கூரையில் மட்டுமல்ல, மழைச்சாரல் புகாமல் இருக்க மாடிச் சுவர் மேலேயும் ஓடு தொங்கவிட்டிருப்பார்கள். செம்மண் நிற ஓடுகள், ஒவ்வொன்றும் ஒரு சிவப்பு. ஹெலனுக்கு இது போதுமானதாக இருந்தது.

இவற்றைக் 'குடிசை' என்று தமிழில் எழுதினால் தப்பான படம் வந்துவிடும். பெரும்பாலும் இருநூறு முந்நூறு வருடம் பழைய சின்ன வீடுகள். பண்ணைக் கூலிகள் இருந்தவை. 1870களில் அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து இறங்க, இங்கிலாந்து விவசாயம் படுத்துவிட்டது. கூலிகள் நகரத்துக்குப் போனார்கள். 1859லேயே விட்லிக்கு ரயில் வந்துவிட்டது. அந்த ரயிலில் லண்டன் பணக்காரர்கள் கிராமத்தில் வீடு தேடி வந்தார்கள். காலியான பழைய வீடுகளை இடித்தார்கள், அல்லது "சரிசெய்தார்கள்". ஈயப்பட்டையில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைக் கோத்த பழைய சன்னல்களைப் பிடுங்கிவிட்டுப் பெரிய கண்ணாடி வைத்தார்கள். வளைந்து தொய்ந்த கூரையை நேராக்கினார்கள். ஹெலன் ஒரு வீட்டைப் பார்த்து வைத்துவிட்டு அடுத்த பருவத்தில் பெட்டியோடு போனால், வீடு இருக்காது. 1886இல் லண்டனில் ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற ஓவியக் காட்சிக்கூடத்தில் 'சர்ரே காட்டேஜஸ்' என்ற பெயரில் அவர் தனியாக நடத்திய கண்காட்சிக்கு இந்த அவசரம்தான் பின்னணி. கண்காட்சிப் படங்களின் பட்டியலுக்கு முன்னுரை எழுதிய கணவர், படம் வரைந்த கொஞ்ச காலத்துக்குள்ளேயே சில வீடுகள் உருமாறிவிட்டதை எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டுக்காரர் ஏற்கெனவே புதுச் சன்னல் வைத்துவிட்டிருந்தால், ஹெலன் படத்தில் அதை எடுத்துவிட்டு, வேறு வீட்டில் பார்த்து வைத்திருந்த பழைய சன்னலைப் பொருத்திவிடுவார். படலருகே நிற்கும் பெண்ணும் குழந்தையும் பல சமயம் பிறகு வந்து சேர்ந்தவர்கள். ஆக அவருடைய படங்களை அப்படியே ஆவணமாக எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டைச் சரிசெய்தவர்கள் மேல் கோபப்பட்டவரும் தன் பங்குக்குச் சரிசெய்தார், பழையதை நோக்கி.

வேலை செய்த முறையைக் கிட்டத்தில் பார்ப்போம். பெட்டியில் ஒன்பது சாயம்தான். கோபால்ட் நீலம், சில மஞ்சள்கள், ரோஸ் மேடர், வெளிர்ச் சிவப்பு, செபியா மாதிரி. கருப்பு கிடையாது. அதே விட்லியில் இருந்த, அவருக்கு மூத்த தலைமுறைப் புகழ்பெற்ற ஓவியர் பர்க்கெட் ஃபாஸ்டர், சாயத்தில் வெள்ளை கலந்து கெட்டியாகப் பூசுவார். ஹெலன் காகிதத்தின் வெள்ளையையே நம்பினார். ஒரு கொடியில் காயும் துணி வேண்டுமா, சுற்றிலும் இலைப் பச்சையைத் தீட்டி, துணியின் வடிவத்தில் காகிதத்தை விட்டுவிட வேண்டும். தீட்டி முடித்த புல்லுக்குள் வெயில் பட்ட ஒரு தண்டு வேண்டுமா, காய்ந்த பிறகு கத்தி முனையால் சுரண்டி அடியில் இருக்கும் வெள்ளையை எடுப்பார். சுவரோரம் நிழல் அதிகமாகிவிட்டால் பஞ்சால் ஒற்றி, தேய்த்து இளக்குவார். அந்தப் பளிச்சென்ற படங்களுக்குள் சுரண்டலும் தேய்ப்பும் ஏகமாக இருக்கின்றன.

1888இல் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டுக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் வில்லியம் இறந்தார். பெரிதாகச் சொத்து வைக்கவில்லை. மூத்தவனுக்குப் பதினான்கு, பெண்ணுக்குப் பன்னிரண்டு, கடைக்குட்டிக்கு ஏழு. ஹெலனுக்கு நாற்பத்தொன்று, அப்பாவை இழந்த தன் அம்மா நின்ற அதே இடத்தில் இப்போது அவர். வித்தியாசம், அவர் கையில் தொழில் இருந்தது. ரயிலேறி சர்ரே, கென்ட் என்று போய் வரைந்து, லண்டனுக்குக் கொண்டுவந்து விற்றார். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி படல், ஒரே மாதிரி பெண் என்று பிற்காலப் படங்களைக் குறை சொல்கிறார்கள். குறை நியாயம்தான். ஆனால் வாங்குபவர் கேட்டது அதுதான். பள்ளிக் கட்டணம் கட்டியதும் அதுதான்.

1903இல் ஏ அண்டு சி பிளாக் பதிப்பகம் அவருடைய எண்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை வண்ணத்தில் அச்சிட்டு ஒரு புத்தகம் போட்டது. தலைப்பு 'ஹாப்பி இங்கிலாண்ட்', மகிழ்ச்சியான இங்கிலாந்து. அவர் மேல் இன்றுவரை வைக்கப்படும் குற்றச்சாட்டையும் அந்தத் தலைப்பே தந்துவிட்டது. அந்த வீடுகளுக்குள் ஈரம் ஊறியிருந்தது, ஓர் அறையில் ஒரு குடும்பமே தூங்கியது, பூக்களுக்குப் பின்னால் பசி இருந்தது. அவர் படங்களில் அது இல்லை. இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. நகரத்து வரவேற்பறைக்கு வரையப்பட்ட படங்கள் அவை. ஆனால் வீட்டை விட்டுத் தோட்டத்துக்கு வரும்போது அவர் கண் தப்பு செய்வதில்லை. தோட்டக்கலை நிபுணர் கெர்ட்ரூட் ஜெக்கில், சர்ரேயில் மன்ஸ்டெட் வுட் என்ற தன் தோட்டத்தில் அமைத்த பூப்பாத்திகளை ஹெலன் வரைந்திருக்கிறார். எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ, எந்த உயரம், எந்த நிறம் என்பது வண்ணப் புகைப்படம் பரவாத காலத்தில் இப்படிப்பட்ட படங்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

1926 செப்டம்பர் 28, எழுபத்தெட்டாவது பிறந்த நாள் கழிந்து இரண்டு நாளில், பழைய தோழி ஒருவரைப் பார்க்க ஹேசில்மியருக்குப் போயிருந்த இடத்தில் ஹெலன் இறந்தார். விட்லியிலிருந்து அதிக தூரமில்லை.

அவருடைய ஓவியங்களின் பெரிய தொகுப்பு ஒன்று ஹாம்ப்ஸ்டெட்டில் பர்க் ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால் இப்படிப்பட்ட படங்களை எப்போதும் மங்கலான வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். என்றாவது ஒன்றை நேரில் பார்க்க வாய்த்தால், பூச்செடிகளை விட்டுவிட்டு, படலருகே நிற்பவளின் ஏப்ரனுக்குக் கிட்டே போய்ப் பாருங்கள். அங்கே சாயம் இருக்காது. வெறும் காகிதம்தான்.